காவல் அணுவே கொழுப்பில் சிக்கினால்...



“எனக்குக் கொலஸ்ட்ரால் இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார்” என்ற பேச்சு இன்று நம்மவர் வீடுகளில் காய்ச்சல், தலைவலிபோல் சாதாரணமாகிவிட்டது. 2023-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட சுகாதாரக் கணக்கெடுப்பு, மலேசியாவில் வயது வந்தோரில் மூன்று பேரில் ஒருவருக்கு இரத்தத்தில் கொழுப்பு கூடுதலாக இருப்பதைக் காட்டியது. ஆனாலும் நம்மில் பலர் கிளினிக்கில் தரும் அட்டையிலுள்ள நம்பரை மட்டுமே பார்க்கிறோம். நம்பர் ஏறினால் பயப்படுகிறோம். இறங்கினால், “இனி மாத்திரை எதுக்கு?” என்று டப்பாவைத் தூக்கி அலமாரியில் வைத்துவிடுகிறோம்.

அந்த நம்பர் காட்டுவது இரத்தத்தில் ஓடும் கொழுப்பை. மாரடைப்புக்கு வித்திடுவதோ இரத்தக் குழாயின் சுவருக்குள், கண்ணுக்குத் தெரியாத ஓர் அணுவுக்குள் தேங்கும் கொழுப்பு. அந்த அணு யார்? அதற்குள் கொழுப்பு எப்படிப் போகிறது, எப்படி வெளியே வருகிறது, எப்போது வெளியேற முடியாமல் தேங்குகிறது? இதைத் தெரிந்துகொண்டால், காய்ச்சலோடு வேலைக்குப் போவது ஏன் ஆபத்து, சிகரெட் ஏன் நெஞ்சைத் தாக்குகிறது, மாத்திரையை ஏன் நிறுத்தக்கூடாது என்பதெல்லாம் தானாகவே விளங்கும்.

கொழுப்பு நமக்கு எதிரியா?

இல்லை. கொலஸ்ட்ரால் இல்லாமல் உடம்பில் ஓர் அணுகூட நிற்காது. அணுவின் மேல்தோலுக்கு அது வேண்டும். உணவைச் செரிக்க உதவும் பித்தநீருக்கும் வேண்டும். அதில் பெரும்பகுதியை உடம்பே செய்துகொள்கிறது. ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சுதான்.

கொழுப்பு தண்ணீரில் கரையாது. ஆகவே புரதப் பொட்டலங்களில் ஏறித்தான் அது இரத்தத்தில் பயணம் செய்கிறது. கல்லீரலிலிருந்து உடம்பெங்கும் கொழுப்பைக் கொண்டுபோகும் பொட்டலத்துக்கு எல்.டி.எல். என்று பெயர். மிஞ்சிய கொழுப்பைக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டுவருவது எச்.டி.எல். முதலாவதைக் ‘கெட்ட கொழுப்பு’ என்றும் இரண்டாவதை ‘நல்ல கொழுப்பு’ என்றும் டாக்டர்கள் சுருக்கமாகச் சொல்வார்கள்.

உடம்பின் ஜாகா

தோட்டத்துக்கு ஜாகா இருப்பதுபோல் உடம்புக்கும் காவல் உண்டு. அதுதான் வெள்ளை அணுக்கள். அவற்றில் ஒரு வகைக்குப் பெருவிழுங்கி என்று பெயர். கிருமி, செத்த அணு, குப்பை எதைக் கண்டாலும் இது விழுங்கி அழித்துவிடும். ஆனால் கொலஸ்ட்ராலை மட்டும் இதனால் உடைத்து அழிக்க முடியாது. விழுங்கியதை ஒன்று உள்ளே வைத்திருக்க வேண்டும், அல்லது வெளியே அனுப்ப வேண்டும். வேறு வழி கிடையாது.

1913-ஆம் ஆண்டில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நிக்கோலாய் அனிச்கோவ் என்ற இளம் மருத்துவர் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலை எண்ணெயில் கரைத்து ஊட்டினார். பிறகு அவற்றின் இரத்தக் குழாய்களை அறுத்துப் பார்த்தார். சுவர்களில் கொழுப்புக் கோடுகள்! அவற்றுக்குள் கொழுப்பால் நிரம்பி ஊதிப்போன அணுக்கள்! பூதக்கண்ணாடியில் சோப்பு நுரைபோலத் தெரிவதால் இவற்றை ‘நுரை அணுக்கள்’ என்பார்கள். காவலுக்கு வந்த ஜாகாவே தின்று தின்று எழமுடியாமல் குழாய்ச் சுவருக்குள் உட்கார்ந்துவிட்ட நிலை அது. இத்தகைய அணுக்கள் குவிந்து, மடிந்து, அந்தக் குவியல் ஒருநாள் வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து குழாயை அடைத்தால், அதுவே மாரடைப்பு.

உள்ளே விடும் வாசல்கள்

ஒவ்வோர் அணுவின் மேல்புறத்திலும் ஆயிரக்கணக்கான ஏற்பிகள் உண்டு. ஏற்பி என்பது ஒரு வகைப் புரதம். வீட்டுக் கதவு என்றும் சொல்லலாம், அழைப்பு மணி என்றும் சொல்லலாம். சில ஏற்பிகள் வெளியிலுள்ள பொருளைப் பிடித்து உள்ளே இழுக்கும். சில, வெளிச் செய்தியை மட்டும் உள்ளே சொல்லும்.

அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரு மருத்துவர்கள் 1970-களின் தொடக்கத்தில் எல்.டி.எல். பொட்டலத்தைப் பிடிக்கும் ஏற்பியைக் கண்டுபிடித்தார்கள். 1985-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். இந்த ஏற்பி நல்ல கணக்குப்பிள்ளை. உள்ளே போதுமான கொழுப்பு இருந்தால் கதவின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும்.

பரம்பரைக் கோளாறால் இந்த ஏற்பியே இல்லாமல் பிறக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் இரத்தத்தில் கொழுப்பு பல மடங்கு ஏறிச் சிறு வயதிலேயே மாரடைப்பு வரும். அங்கேதான் ஒரு புதிர் எழுந்தது. கதவே இல்லாத பிள்ளைகளின் பெருவிழுங்கி அணுக்களிலும் கொழுப்பு நிரம்பி வழிந்தது. அப்படியானால் அது எந்த வழியாக உள்ளே போனது?

விடையை 1979-இல் அதே குழுவினர் சொன்னார்கள். பெருவிழுங்கிக்கு வேறொரு வகை ஏற்பியும் இருக்கிறது. குப்பை பொறுக்கும் ஏற்பி என்று அதைச் சொல்லலாம். நல்ல நிலையிலுள்ள எல்.டி.எல்.லை அது பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. தன்மை மாறிப்போன எல்.டி.எல்.லைக் கண்டால் வாரி வாரி விழுங்கும். குழாய்ச் சுவரில் சிக்கிக் கிடக்கும் எல்.டி.எல்., எண்ணெய் காறிப்போவதுபோல் கெட்டுப்போகும். சிகரெட் புகை அந்தக் கெடுதலை அதிகமாக்கும். இந்தக் குப்பை ஏற்பிக்குப் ‘போதும்’ என்று சொல்லத் தெரியாது. சி.டி.36 என்ற குப்பை ஏற்பி இன்னும் மோசம். கெட்ட கொழுப்பை விழுங்க விழுங்க அதன் எண்ணிக்கை கூடுகிறது. தின்னத் தின்ன வாய் பெருகும் கதை!

குலையை ஏற்றிவிடும் ஆள்

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு இனி வருவது எளிதில் விளங்கும். வெட்டிய குலைகளை ரோட்டோரத்து மேடையில் கொண்டுவந்து போடுகிறோம். ஆள் ஏற்றிவிட, லோரி ஆலைக்குக் கொண்டுபோகிறது. ஏற்றும் ஆள் வராவிட்டால்? குலை மேடையிலேயே குவிந்து அழுகும். எத்தனை லோரி வந்து நின்றாலும் பயனில்லை.

பெருவிழுங்கி அணுதான் அந்த மேடை. எச்.டி.எல். என்பது லோரி. கல்லீரல் என்பது ஆலை. அணுவுக்குள்ளிருந்து கொழுப்பைத் தூக்கி லோரியில் போடும் ஆட்கள், ஏ.பி.சி.ஏ.1, ஏ.பி.சி.ஜி.1 என்ற இரண்டு கடத்திப் புரதங்கள்.

இவற்றில் முதலாவதன் அருமையை உலகுக்குக் காட்டியது ஒரு சிறுவனின் தொண்டை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், செசபீக் விரிகுடாவில் டாஞ்சியர் என்ற சின்னத் தீவு இருக்கிறது. 1960-இல் அங்கிருந்து வந்த 5 வயதுப் பையனின் தொண்டைச் சதை பெரிதாக வீங்கி ஆரஞ்சு நிறமாக இருந்ததை மருத்துவர்கள் கண்டார்கள். சதைக்குள் முழுவதும் நுரை அணுக்கள். அவன் அக்காள் தங்கை முறையிலும் ஒருத்திக்கு அதே குறை. இருவர் இரத்தத்திலும் எச்.டி.எல். அநேகமாக இல்லவே இல்லை. டொனால்ட் ஃபிரெட்ரிக்சன் என்ற மருத்துவர் இதை ஆராய்ந்தார். நோய்க்குத் தீவின் பெயரே நிலைத்தது.

காரணம் 1999-இல்தான் தெரிந்தது. மூன்று ஆராய்ச்சிக் குழுக்கள் ஒரே சமயத்தில் கண்டுபிடித்தன. அந்தப் பிள்ளைகளுக்கு ஏ.பி.சி.ஏ.1 புரதம் பழுது. ஏற்றும் ஆள் இல்லை. ஆகவே மேடையில் கொழுப்பு குவிந்தது, லோரியும் உருவாகவில்லை.

டாஞ்சியர் நோய் மிக மிக அரிது. நம்மவர்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். ஆனால் ஆள் இருந்தும் வேலை நின்றுபோகும் சமயங்கள் எல்லாருக்கும் உண்டு. அதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான சங்கதி.

அபாய மணி அடித்தால்...

சாதாரண நாட்களில் ஏற்றும் ஆட்களை வேலைக்கு அனுப்புவது அணுவுக்குள்ளிருக்கும் எல்.எக்ஸ்.ஆர். என்ற ஒரு கங்காணி. உள்ளே கொழுப்பு கூடுவதை அது உணரும். உடனே, “ஆள் போடு” என்று ஆணையிடும். ஏ.பி.சி.ஏ.1 புரதம் பெருகும். கொழுப்பு வெளியேறும்.

ஆனால் பெருவிழுங்கியின் முதல் கடமை காவல் அல்லவா? அதற்காக அதன் மேல்புறத்தில் டோல் வகை ஏற்பிகள் இருக்கின்றன. (நெடுஞ்சாலையில் காசு வாங்கும் டோலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) இவை கிருமியின் அடையாளத்தைத் தொட்டவுடனே அபாய மணி அடிக்கும். இந்த மணியைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக புரூஸ் பியூட்லர், ஜூல்ஸ் ஹாஃப்மன் இருவரும் 2011-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

தோட்டத்தில் தீப்பிடித்தது என்று மணி அடித்தால் என்ன நடக்கும்? குலை ஏற்றுகிறவன் போட்டதைப் போட்டபடி விட்டுத் தீயணைக்க ஓடுவான். அணுவிலும் அதுவேதான் நடக்கிறது. லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2003-இல் இதைக் காட்டினார்கள். டோல் ஏற்பியின் மணி அடித்ததும் எல்.எக்ஸ்.ஆர். கங்காணியின் ஆணை செல்லாமல் போகிறது. ஏ.பி.சி.ஏ.1 குறைகிறது. பெருவிழுங்கியிலிருந்து கொழுப்பு வெளியேறுவதும் குறைகிறது.

கிருமி இல்லாமலும் இந்த மணி அடிக்கும் என்பது 2010-இல் தெரியவந்தது. கெட்டுப்போன எல்.டி.எல்.லைப் பிடிக்கும் சி.டி.36 ஏற்பி, டோல் ஏற்பிகளைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு தானே மணியடிக்கிறது. பாருங்கள், குப்பையை உள்ளே இழுக்கும் வாசலே வெளியேறும் வழியைத் தடுக்கும் செய்தியையும் அனுப்புகிறது. இப்படித்தான் வீக்கம் கொழுப்பைத் தேக்குகிறது, தேங்கிய கொழுப்பு வீக்கத்தை வளர்க்கிறது.

இரண்டு நாள் காய்ச்சலில் மணி அடித்து ஓய்ந்தால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். பல ஆண்டுகளாகப் புகைப்பவர் உடம்பிலும், மூட்டுவாத வீக்கம் உள்ளவர் உடம்பிலும், இனிப்பு நீர் கட்டுப்படாதவர் உடம்பிலும் மணி மெல்லிய ஒலியில் ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கிறது. மூட்டுவாதக்காரர்களுக்கு இதய நோய் மற்றவர்களைவிட அதிகமாக வருவதை மருத்துவர்கள் நெடுநாளாக அறிவார்கள்.

மணியை அடக்க மருந்து உண்டா?

மணியை அமர்த்தும் ஏற்பியும் அதே அணுவின் மேல் இருக்கிறது. அடினோசின் என்ற பொருளைப் பிடிக்கும் ஏ2ஏ ஏற்பி அது. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்சேட் மருந்து இந்த ஏற்பியின் வழியாக ஏ.பி.சி.ஏ.1 புரதத்தைக் கூட்டி, அணு நுரைத்துப்போவதைக் குறைக்கிறது என்று நியூயார்க் மாநில ஆராய்ச்சியாளர்கள் 2008-இல் கண்டார்கள். ஆனால் அது சோதனைச் சாலையில் வளர்த்த அணுக்களில் கண்டது.

மனிதருக்குப் பலிக்குமா? இதய நோயுள்ள 4,786 பேரை வைத்துச் சோதித்தார்கள். முடிவு 2019-இல் அச்சானது. மெத்தோட்ரெக்சேட் அவர்களுக்கு மாரடைப்பைக் குறைக்கவில்லை. ஆகவே, தோழர்களே, மூட்டுவாதத்துக்காக டாக்டர் கொடுத்திருந்தால் அதைத் தவறாமல் சாப்பிடுங்கள். “நெஞ்சுக்கு நல்லதாம்” என்று கேள்விப்பட்டுப் பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிச் சாப்பிடாதீர்கள். அது விளையாட்டு மருந்தல்ல.

லோரியை மட்டும் பெருக்கிப் பார்த்த கதையும் உண்டு. எச்.டி.எல்.லைக் கூட்டும் டார்செட்ராபிப் என்ற மருந்தை 15,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்தார்கள். எச்.டி.எல். நன்றாகவே ஏறியது. ஆனால் மருந்து சாப்பிட்டவர்களில் சாவும் கூடியது. 2006-இல் சோதனையை நிறுத்திவிட்டார்கள். 2011-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் வேறு விதமாகப் பார்த்தார்கள். ஒருவர் இரத்தத்தில் எவ்வளவு எச்.டி.எல். இருக்கிறது என்று மட்டும் பார்க்காமல், அது பெருவிழுங்கியிலிருந்து எவ்வளவு கொழுப்பை வாங்கிக்கொள்கிறது என்றும் அளந்தார்கள். நன்றாக வாங்கிக்கொள்பவர்களிடம் இதயக் குழாய் நோய் குறைவாக இருந்தது. லோரியின் எண்ணிக்கை அல்ல, ஏற்றுமதிதான் முக்கியம். ஆகவே “எனக்கு நல்ல கொழுப்பு நிறைய இருக்கு, பயமில்லை” என்று இருந்துவிடாதீர்கள்.

நாம் செய்யவேண்டியது என்ன?

முதலாவது, வாசலுக்கு வரும் சரக்கைக் குறைக்க வேண்டும். அதற்கு இன்று நம்பகமான வழி ஸ்டேட்டின் மாத்திரைகள். 1973-இல் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ ஒரு பூஞ்சையிலிருந்து இந்த வகையின் முதல் மருந்தைப் பிரித்தெடுத்தார். இம்மாத்திரை கல்லீரல் அணுக்களின் மேல் எல்.டி.எல். ஏற்பிகளைப் பெருக்குகிறது. கல்லீரல் எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்வதால் குழாய்ச் சுவரில் சிக்குவது குறைகிறது. மாத்திரை சாப்பிடும் வரையில்தான் இந்த வேலை நடக்கும். நிறுத்தினால் சில வாரங்களில் நம்பர் பழையபடி ஏறிவிடும். நம்பர் இறங்கியது நோய் தீர்ந்ததற்கு அடையாளம் அல்ல, மருந்து வேலை செய்வதற்கு அடையாளம். தசைவலி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். வேறு மருந்தோ வேறு அளவோ தருவார். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது, சாப்பாடு. நாம் வெட்டும் செம்பனையின் எண்ணெயில் ஏறக்குறைய பாதி, நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய்ப்பாலிலும் நெய்யிலும் அந்த வகைதான் அதிகம். இது கல்லீரலின் எல்.டி.எல். ஏற்பிகளைக் குறைக்கிறது. அறவே விடச் சொல்லவில்லை. நாசி லெமாக்கும் பொரித்த கோழியும் அன்றாடம் வேண்டாம். மீனை வறுப்பதற்குப் பதில் குழம்பில் போடுங்கள். கீரை, பருப்பு கூடட்டும்.

மூன்றாவது, சிகரெட்டை விடுங்கள். அது எல்.டி.எல்.லைக் கெடுக்கிறது, எச்.டி.எல்.லைக் குறைக்கிறது, அபாய மணியையும் அடிக்கிறது. “நாள் முழுக்க மாடா உழைக்கிறேன், எனக்கென்ன வரப்போகுது?” என்று கேட்பவர் உண்டு. உழைப்பு நல்லதுதான். ஆனால் அது புகையின் தீமையையும் பரம்பரைக் குறையையும் கழுவிவிடாது.

நான்காவது, காய்ச்சலை அலட்சியம் செய்யாதீர்கள். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 2018-இல் வெளியான ஆய்வு, இன்ஃபுளுயன்சா உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சுமார் 6 மடங்கு ஆவதைக் காட்டியது. இதற்கு அணுவில் கொழுப்பு தேங்குவது மட்டும் காரணமல்ல. இரத்தம் எளிதில் உறைவதும், இதயத்துக்கு வேலைப்பளு கூடுவதும் சேர்ந்துகொள்கின்றன. இதய நோயோ இனிப்பு நீரோ உள்ளவர்கள் சளிக்காய்ச்சல் தடுப்பூசி பற்றிக் கிளினிக்கில் கேளுங்கள்.

“ஒருநாள் சம்பளம் போயிடுமே” என்று காய்ச்சலோடு குலை வெட்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் சம்பளத்தோடு கூடிய எம்.சி. விடுப்பைத் தருகிறது. 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள். 2 முதல் 5 ஆண்டுக்குள் 18 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். டாக்டரிடம் சீட்டு வாங்கி, விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். இது யாரும் போடும் பிச்சையல்ல, உங்கள் உரிமை. கொடுக்க மறுத்தால் சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, குடும்பத்தைப் பாருங்கள். அப்பாவோ அண்ணனோ இளம் வயதிலேயே மாரடைப்பில் போயிருந்தால், எல்.டி.எல். ஏற்பியின் பரம்பரைக் குறை வீட்டில் இருக்கலாம். உலகில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இக்குறை உண்டு. பிள்ளைகளுக்கும் இரத்தம் சோதித்துவிடுங்கள். இளமையில் கண்டால் காப்பாற்றலாம்.

கடைசியாக, நடு நெஞ்சில் பாரம் வைத்ததுபோல் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் இவை வந்தால் “வாய்வு” என்று சொல்லி இஞ்சிச்சாறு குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். பெண்களுக்கும் இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் வலி குறைவாகவும் அசதி அதிகமாகவும் வரக்கூடும். உடனே 999-க்குக் கூப்பிடுங்கள். ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் தோட்டமானால் யாருடைய காரில் போவது என்று இன்றைக்கே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குள் இருக்கும் அந்தக் காவல் அணு இரவு பகல் பாராமல், ஓவர்டைமும் கேட்காமல் உழைக்கிறது. அதன் தலையில் அளவுக்கு மீறிய சரக்கைக் கொட்டாதீர்கள். அதன் அபாய மணியை வீணாக அடிக்கவிடாதீர்கள். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, நம்பர் எவ்வளவு என்று மட்டும் கேட்டுத் திரும்பிவிடாமல், “எனக்கு எவ்வளவு இருக்கணும், எத்தனை நாள் மருந்து சாப்பிடணும்?” என்றும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்வது அவர்கள் கடமை.